நிறுவியில் விடுபட்ட தமிழ்

மென்பொருளை நிறுவி முடித்ததும் 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்ற அறிவிப்பு வருகிறது. தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்தால் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இல்லையென்றால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து கிடக்கின்றன. பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் வரிசை தாறுமாறாகிறது. அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் வெளிவருகிறது. 'இந்த மென்பொருளில் தமிழ் வராது' என்று பயனர் முடிவு கட்டிவிடுகிறார். உண்மை பல நேரங்களில் வேறு. தமிழுக்கான வேலை முடிந்திருக்கிறது. எழுத்துரு வரைந்தவரும் மொழிபெயர்த்தவரும் நிரல் எழுதியவரும் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். அதைக் கணினியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய நிறுவி மட்டும் அந்தக் கோப்புகளை விட்டுவிட்டு வந்திருக்கிறது. இந்த விடுபடல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு மென்பொருள்களில் ஏன் திரும்பத் திரும்ப நிகழ்கிறது, அதை எங்கே திருத்த வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இக்கேள்வியை எடைபோடப் பாளையங்கோட்டை நல்ல உரைகல். கிறித்தவ மறைப்பணியாளர் ரேனியஸ் 1820இல் வந்து தங்கிய காலந்தொட்டுத் தமிழ் அச்சும் பள்ளிக் கல்வியும் இங்கே கைகோத்து வளர்ந்தன. தாமிரபரணி ஆற்றுக்கு அக்கரையில் திருநெல்வேலியில் 1920இல் தொடங்கிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தமிழ்நாடு முழுவதற்கும் நூல் வழங்கியது. தூய சவேரியார் கல்லூரி (1923), அரசு சித்த மருத்துவக் கல்லூரி (1964), அருகே அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் (1990), நூறாண்டு கடந்த பார்வையற்றோர் பள்ளி என்று தமிழை நாள்தோறும் எழுதவும் படிக்கவும் வேண்டிய நிறுவனங்கள் இங்கு அடர்ந்திருக்கின்றன. ஆய்வேடு, வினாத்தாள், பத்திரம், சித்த மருத்துவச் சுவடிப் பெயர்ப்பு, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் தமிழில் தட்டச்சாகின்றன. ஆனால் அவற்றைத் தட்டச்சு செய்யும் கணினியின் பட்டியல்களும் பொத்தான்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. இடைமுகம் ஆங்கிலம், எழுத்து தமிழ் என்ற இந்த நிலைதான் நம் பயனரின் இயல்பு நிலை. நிறுவிகளை வடிவமைப்பவர்களோ கணினி எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழிதான் அதை ஆள்பவருக்குத் தேவை என்று எண்ணுகிறார்கள். விடுபடலின் வேர் இந்த அனுமானம்தான். கோப்பை மட்டும் சேர்த்துவிட்டு அனுமானத்தை விட்டுவைத்தால் அடுத்த பதிப்பில் அதே குறை வேறு உருவில் வரும்.

முகமும் திறனும்

மொழிக் கோப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, மென்பொருளின் முகத்தைத் தமிழாக்கும் கோப்பு: 'சேமி', 'திற', 'அச்சிடு' போன்ற சொற்களின் மொழிபெயர்ப்பு. மற்றொன்று, தமிழைக் கையாளும் திறனைத் தரும் கோப்புகள்: எழுத்துரு, எழுத்துகளை இணைத்து வடிவமைக்கும் பொறி, விசைப்பலகை அமைப்பு, அகரவரிசைத் தரவு, சொற்பிழை திருத்தும் அகராதி, அச்சுப் பக்கத்தை எழுத்தாக்கும் ஓ.சி.ஆர். தரவு, உரையைப் படித்துக்காட்டும் குரல். முதலாவதை விரும்பினால் கேட்டுப் பெறலாம். இரண்டாவது இல்லாவிட்டால் வேலையே நடக்காது. நிறுவிகள் இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு, ஒரே சரிபார்ப்புக் கட்டத்தின் கீழ் வைத்து, 'விருப்பத் தேர்வு' என்று பெயரிட்டுவிடுகின்றன.

திறன் தரும் கோப்புகள் ஏன் தவிர்க்கவியலாதவை என்பதற்கு ஒருங்குறியின் (யூனிகோடு) அமைப்பே சான்று. 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி அதில் உண்டு. அதில் 'கொ' என்ற எழுத்துக்குத் தனி இடம் இல்லை. ககரத்தின் குறியெண்ணும் ஒகரக் குறியின் குறியெண்ணும் அடுத்தடுத்துச் சேமிக்கப்படுகின்றன; திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைப்பது வடிவமைக்கும் பொறியின் வேலை. எழுத்துரு இருந்து பொறி இல்லையென்றால் எழுத்து சிதறும். பொறி இருந்து எழுத்துரு இல்லையென்றால் கட்டம் தெரியும். இரண்டும் வந்தால்தான் தமிழ் வந்ததாகும்.

அகரவரிசை இன்னும் நுட்பமானது. குறியெண் வரிசையில் 'ன' நகரத்தை அடுத்தும், 'ற' ரகரத்தை அடுத்தும், 'ள', 'ழ' இரண்டும் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. மயில், மலர், மழை, மறை, மனை என்பது தமிழ் அகராதியின் வரிசை. அகரவரிசைத் தரவு இல்லாத மென்பொருள் வெறும் குறியெண்ணைக் கொண்டு இதையே மனை, மயில், மறை, மலர், மழை என்று அடுக்கும். கடைசியில் வர வேண்டிய சொல் முதலில் வந்துவிடும். ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பட்டியலோ நூலகத்தின் நூற்பட்டியலோ இப்படி அமைந்தால் தேடுபவர் இருக்கும் பெயரையே இல்லை என்று சொல்லிவிடுவார். இங்கே திரையில் கட்டம் தெரிவதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

எக்ஸ்பி தந்த பாடம்

தமிழ்க் கணினி வரலாற்றில் இந்த விடுபடலின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கு முந்தைய விண்டோஸ் 2000இலேயே ஒருங்குறித் தமிழும் 'லதா' எழுத்துருவும் வந்துவிட்டன. 2001 அக்டோபரில் வெளியான எக்ஸ்பியிலும் அவை இருந்தன. ஆனால் இயல்பாக நிறுவப்படவில்லை. கண்ட்ரோல் பேனலில் 'ரீஜனல் அண்டு லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குச் சென்று, சிக்கல் வரிவடிவங்களுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குமான கோப்புகளை நிறுவுக என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே கணினி மூலக் குறுந்தகட்டைக் கேட்கும். அதன் 'ஐ386' அடைவிலிருந்துதான் கோப்புகளை எடுக்கும். நிர்வாகி அனுமதியும் வேண்டும். கடையில் உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணினியை வாங்கியவர் பலரிடம் அந்தக் குறுந்தகடு இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்தவரிடம் அந்த அனுமதி இல்லை. ஐந்தே சொடுக்கில் தீரும் குறை, பெரும்பாலோருக்குத் தீராத குறையாக நின்றது.

இப்படி விட்டுவிட்டதால் மிச்சமான இடம் எவ்வளவு என்பதை அந்த நிறுவியே சொன்னது. குறியிட்டதும் தோன்றும் செய்தி, இக்கோப்புகளுக்கு 10 எம்.பி. அல்லது அதற்கு மேல் இடம் தேவைப்படும் என்று அறிவிக்கும். சீன, ஜப்பானிய, கொரிய மொழிக் கோப்புகளுக்கு அது கேட்டது 230 எம்.பி. பின்னதைத் தனியே வைத்ததற்கு அன்றைய நிலையில் ஒரு நியாயம் கற்பிக்கலாம். தமிழ், இந்தி, அரபு, தாய் உள்ளிட்ட அத்தனை மொழிகளுக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட 10 எம்.பி., 20 ஜி.பி. வன்தட்டில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இடப் பற்றாக்குறை காரணமாக இருந்திருக்க முடியாது. மேலை நாட்டுப் பயனரை இயல்பானவராகவும் மற்றவரைக் கூடுதல் வேண்டுகோள் வைப்பவராகவும் கருதிய பார்வைதான் காரணம்.

2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விஸ்டாவில் அந்தக் கட்டமே மறைந்தது. எல்லா வரிவடிவங்களும் இயல்பாகவே நிறுவப்பட்டன. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகள்தான் தமிழ் ஆவணங்களின் குறியாக்கம் நிலைபெற்ற ஆண்டுகள். ஒருங்குறியில் அனுப்பினால் எதிரே இருப்பவருக்குக் கட்டம் தெரியும், தனிக் குறியாக்க எழுத்துருவை அனுப்பினால் படிக்க முடியும் என்ற நிலையில் மக்கள் எதைத் தேர்வார்கள்? தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் அவ்வையார் எழுத்துருவும் இலங்கையில் பாமினி எழுத்துருவும் வேரூன்றியதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு. அச்சுத் துறையின் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழை நெடுநாள் ஏற்காததும், கை பழகிய தட்டச்சு முறையும் மற்ற காரணங்கள். அவற்றை மறுக்க வேண்டியதில்லை. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் கருவிகளும் அடங்கிய இலவசக் குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டதும், 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டதும் சரியான முயற்சிகளே. ஆயினும் நிறுவி விட்டதை ஒரு குறுந்தகடோ ஆணையோ பின்னால் துரத்திச் சென்று நிரப்புவது எளிதன்று. இன்றும் தேட முடியாத, எழுத்துரு இல்லாமல் திறந்தால் புரியாத பழைய கோப்புகள் அலுவலகங்களில் குவிந்திருக்கின்றன. நிறுவியில் விடப்பட்ட 10 எம்.பி.யின் விலையில் ஒரு பகுதி அது.

புதிய வாசலில் பழைய குறை

விஸ்டாவோடு இந்தக் கதை முடிந்திருந்தால் இதை வரலாற்றுக் குறிப்பாக எழுதி விட்டுவிடலாம். முடியவில்லை. 2015இல் வந்த விண்டோஸ் 10 தமிழுக்கு 'நிர்மலா யூஐ' எழுத்துருவை இயல்பாகத் தருகிறது. ஆனால் லதாவையும் விஜயாவையும் 'தமிழ்த் துணை எழுத்துருக்கள்' என்ற விருப்பப் பொதிக்கு மாற்றிவிட்டது. கணினியின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் அந்தப் பொதி தானே வந்துவிடும் என்பது ஏற்பாடு. என்.எச்.எம். ரைட்டர், அழகி, இ-கலப்பை போன்ற செயலிகள் வழியாகத் தட்டச்சு செய்பவர் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. நாள் முழுதும் தமிழிலேயே எழுதுபவரை அந்த இயங்குதளம் தமிழர் என்று அறிவதில்லை. லதாவில் வடிவமைத்த ஆய்வேட்டை அந்தக் கணினியில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து, வரி முறிந்து, பக்க எண்ணும் பொருளடக்கமும் பொருந்தாமல் போகின்றன. புதுப்பிப்புகளை உள்வழங்கி மூலம் கட்டுப்படுத்தும் அலுவலகங்களில் இந்தப் பொதியைத் தரவிறக்கும் முயற்சி பிழைக் குறியோடு நின்றுவிடுவதும் உண்டு.

கைப்பேசியிலும் இதே அனுமானம் குடியேறியிருக்கிறது. 2018இல் கூகுள் அறிமுகப்படுத்திய செயலிக் கட்டு முறை, 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் புதிய செயலிகளுக்குக் கட்டாயமானது. இம்முறையில் செயலியின் மொழிக் கோப்புகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு, கைப்பேசி அமைப்பில் உள்ள மொழிக்குரியவை மட்டும் இறக்கப்படுகின்றன. கைப்பேசியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு செயலிக்குள் தமிழைத் தேர்பவருக்கு, உருவாக்கியவர் முன்கூட்டி ஏற்பாடு செய்திராவிட்டால், தமிழ் வராது. மொழிவாரிப் பிரிப்பை அணைக்கக் கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும்; தேவைப்படும் மொழியைப் பின்னர் இறக்கும் வழியும் உண்டு. உருவாக்கியவரின் சோதனைக் கைப்பேசியில் எல்லா மொழிகளும் அடங்கிய முழுப் பொதி இருப்பதால் அவர் கண்ணுக்குக் குறை தட்டுப்படுவதில்லை. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, செயலி தோறும் தனி மொழி வைக்க இடம் கொடுத்தது. அது பயனருக்கு ஒரு மொழி மட்டும் இருப்பதில்லை என்பதை இயங்குதளமே ஒப்புக்கொண்டதற்குச் சமம்.

வழங்கிகளுக்குள் நடப்பது கண்ணுக்கே தெரியாது. நோட் ஜேஎஸ் என்ற நிரலாக்கச் சூழல் பல ஆண்டுகள் ஆங்கிலத் தரவை மட்டும் கொண்ட சிறிய மொழித் தரவுத் தொகுப்போடு வெளிவந்தது. தமிழில் தேதி கேட்டால் பிழை சொல்லாமல் ஆங்கிலத்தில் தந்துவிடும். 2019 அக்டோபரில் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து முழுத் தொகுப்பும் இயல்பாயிற்று. இடத்தைச் சுருக்குவதற்காகவே வடிவமைத்த லினக்ஸ் கொள்கலன்களில் டாட்நெட் நிரல்களை இயக்கினால், மொழித் தரவு இல்லாத நிலையில் வெறும் குறியெண் ஒப்பீட்டுக்கு இறங்கிவிடும். மனை மயிலுக்கு முன் வருவது இப்படித்தான்.

இவற்றுள் பாளையங்கோட்டைக்கு மிக நெருக்கமானது ஓ.சி.ஆர். 1980களில் எச்.பி. நிறுவனத்தில் உருவாகி 2005இல் திறமூலமான டெசராக்ட், தமிழ் அச்சைப் படிக்கத் தகுந்த தரவை இலவசமாகத் தருகிறது. ஆனால் பரவலாகப் பயன்படும் அதன் விண்டோஸ் நிறுவி இயல்பாக ஆங்கிலத்தை மட்டுமே வைக்கிறது; மற்ற மொழிகள் 'கூடுதல் மொழித் தரவு' என்ற மூடிய கிளைக்குள் இருக்கின்றன, அவற்றையும் நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். உபுண்டுவிலும் தமிழ்த் தரவு தனிப் பொதி. பழைய சித்த மருத்துவ நூல்களையும் கழகப் பதிப்புகளையும் எழுத்தாக்க நினைக்கும் மாணவர், கிளையைத் திறக்காமல் நிறுவி முடித்தால், தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலமாகப் படிக்கும் கருவிதான் கையில் இருக்கும். கருவி மோசம் என்று அவர் விலகிவிடுவார்.

எழுத்துருவின் எல்லையில் இன்னொரு குறை. தாமிரபரணிப் பாசனத்தின் பழைய நிலக் கணக்குகளிலும் நெல் கணக்குகளிலும் மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறியீடுகள் நிரம்பியிருக்கின்றன. 2019 மார்ச்சில் வந்த ஒருங்குறி 12.0, தமிழ்த் துணைப் பகுதியில் இத்தகைய 51 குறியீடுகளுக்கு இடம் தந்தது. அவற்றை வரையும் நோட்டோ எழுத்துருவும் இருக்கிறது, முதன்மைத் தமிழ் எழுத்துருவுக்கு வெளியே தனிக் கோப்பாக. சுவடிகளையும் கணக்கேடுகளையும் மின்னாக்குபவரின் கணினியில் அந்தக் கோப்பு இல்லையென்றால், குறியீட்டுக்கு எண் கிடைத்தும் உருவம் கிடைக்காது.

எதிர்வாதங்கள்

எல்லா மொழிகளையும் சேர்த்தால் பொதி வீங்கிவிடும் என்பது முதல் எதிர்வாதம். கைப்பேசியில் தரவுக் கட்டணமும் இடமும் பலருக்கு உண்மையான கவலைதான். ஆனால் இதற்கு விடை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பார்வையற்றோருக்காக ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. திரைபடிப்பான், ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளின் இடைமுகத்தையும் தமிழ் உள்ளிட்ட ஈஸ்பீக் குரல்களையும் ஒரே நிறுவியில் அடக்கி, சில பத்து எம்.பி. அளவிலேயே தருகிறது. இணையம் இல்லாத அறையிலும் நிறுவிய கணத்தில் தமிழ் பேசுகிறது. விண்டோஸின் சொந்தத் தமிழ்க் குரலான 'வள்ளுவர்' மொழிப் பொதியோடு தனியே இறக்கப்பட வேண்டியது. பார்வையற்றோர் பள்ளி இருக்கும் ஊரில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது: திரையைப் பார்க்க முடியாதவர், குரல் வருவதற்கு முன் குரலைத் தேடி இறக்க யாரையாவது துணைக்கு அழைக்க வேண்டும். அளவு உண்மையிலேயே தடையாக இருக்கும் இடங்களில் பிரித்து வைப்பது தவறில்லை. முகத்தைப் பிரிக்கலாம், திறனைப் பிரிக்கக் கூடாது என்ற எல்லை போதும்.

தேவைப்படும்போது இணையத்திலிருந்து இறங்கட்டுமே என்பது இரண்டாவது. இணையம் எங்கும் வந்துவிட்ட காலத்தில் இது வலுவான வாதமாகத் தோன்றும். ஆனால் இது தேவை எப்போது என்பதை நிறுவி சரியாக அறியும் என்று கொள்கிறது. மொழிப் பட்டியலையும் இடைமுக மொழியையும் மட்டும் பார்த்து அது அறியாது என்பதை மேலே கண்டோம். இறக்கும் நேரத்தில் நிர்வாகி அனுமதி, அலுவலக வலைத் தடை, பதிப்புப் பொருத்தமின்மை என்று ஒவ்வொன்றும் தனித் தடையாகிறது. தேர்வு அறையிலும் ஆய்வகத்திலும் இணையத்தை வேண்டுமென்றே துண்டித்து வைப்பவர்களும் உண்டு.

பயனரே சேர்த்துக்கொள்ளலாமே என்பது மூன்றாவது. சேர்க்க வேண்டியது இன்னதென்று தெரிந்தால் சேர்ப்பார். கட்டம் தெரிந்தவருக்கு அது எழுத்துருக் குறையா, குறியாக்கக் குறையா, கோப்பே பழுதா என்று எதுவும் சொல்லப்படுவதில்லை. பழைய அச்சுக்கூடத்தில் ஓர் எழுத்தின் அறை காலியானால் அச்சுக் கோப்பவர் கை வைத்ததுமே தெரிந்துவிடும்; வேலை நிற்கும், எழுத்து வாங்கி வருவார்கள். மென்பொருளில் அறை காலியாக இருப்பது தெரியாமலே பக்கம் அச்சாகி வெளியே போய்விடுகிறது.

தமிழ் இடைமுகத்தை யாரும் பயன்படுத்துவதில்லை, பாதி மொழிபெயர்த்த கோப்பைச் சுமப்பானேன் என்பது நான்காவது. இதில் பாதி நியாயம் உண்டு. அரைகுறையாகத் தமிழும் ஆங்கிலமும் கலந்து நிற்கும் பட்டியல் யாருக்கும் உதவாது. குறிப்பிட்ட அளவு மொழிபெயர்ப்பு முடிந்த பிறகே ஒரு மொழியை வெளியீட்டில் சேர்ப்போம் என்று திட்டங்கள் வரம்பு வைப்பதை ஏற்கலாம். ஆனால் அந்த வரம்பை எழுத்துருவுக்கும் அகரவரிசைக்கும் ஓ.சி.ஆர். தரவுக்கும் நீட்டுவது பிழை. இடைமுகத்தைத் தேர்ந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு தமிழில் எழுதுபவர்களின் எண்ணிக்கையை அளக்கவே முடியாது. மத்திய அரசு 2016இல் கைப்பேசிகளுக்குக் கட்டாயமாக்கிய ஐ.எஸ். 16333 தரநிலை இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருக்கிறது. தட்டச்சுக்கு ஆங்கிலம், இந்தி, மேலும் ஓர் இந்திய மொழி போதும் என்று விட்ட அது, படிக்கும் வசதி மட்டும் 22 அலுவல் மொழிகளிலும் இருந்தாக வேண்டும் என்றது. கைப்பேசிக்குப் பொருந்தும் நியாயம் கணினி மென்பொருளுக்குப் பொருந்தாமல் போவதற்கில்லை.

எங்கே திருத்துவது

திருத்தம் பொதி கட்டும் மேசையில் தொடங்க வேண்டும். விடுபடல்களில் ஒரு பகுதி கொள்கையால் வருவதில்லை, கவனக்குறைவால் வருகிறது. பைத்தான் பொதிகளில் நிரல் அல்லாத கோப்புகளைத் தனியே அறிவிக்காவிட்டால் அவை சேர்வதில்லை. பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒற்றைக் கோப்பாகக் கட்டும்போதும் மொழிபெயர்ப்பு அடைவைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். உருவாக்கியவரின் கணினியில் மூல அடைவு இருப்பதால் எல்லாம் இயங்கும். குறை பயனரிடம்தான் வெளிப்படும். ஆகவே வெளியீட்டுக்கு முன் ஒன்றும் நிறுவாத வெற்று மெய்நிகர் கணினியில், இணையத்தைத் துண்டித்து, ஆங்கில இடைமுகத்தோடு நிறுவிப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். மூலத்தில் உள்ள மொழிகளின் பட்டியலையும் நிறுவிய அடைவில் உள்ள கோப்புகளையும் தானே ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் கட்டுமானத்தையே நிறுத்தும் சோதனையை எழுதுவது சில மணி நேர வேலை.

அடுத்தது நிறுவியின் வடிவமைப்பு. திறன் தரும் கோப்புகளை விருப்பப் பட்டியலிலிருந்து எடுத்துக் கட்டாயப் பகுதியில் வைக்க வேண்டும். அளவு காரணமாக அப்படி வைக்க இயலாவிட்டால், 'நீங்கள் எந்தெந்த மொழிகளில் எழுதவும் படிக்கவும் போகிறீர்கள்?' என்று இடைமுக மொழிக் கேள்வியிலிருந்து பிரித்துக் கேட்க வேண்டும். புதிய பதிப்பை நிறுவும்போது பயனர் முன்பு சேர்த்த மொழிகளை அழிக்காமல் காக்க வேண்டும். நிறுவிய பின் மென்பொருள் தன்னைத் தானே சோதித்து, குறை இருந்தால் எந்தக் கோப்பு, எங்கே கிடைக்கும், யாருடைய அனுமதி வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். ஓசையின்றி ஆங்கிலத்துக்கு இறங்குவதை விடப் பிழை காட்டி நிற்பது மேல்.

கோப்பு வந்து சேர்ந்தும் அணைந்தே இருப்பது விடுபட்டதற்குச் சமம். அடோபி இன்டிசைன் 2012இல் சி.எஸ்.6 பதிப்பிலேயே தமிழைச் சரியாக அடுக்கும் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' வசதியைத் தந்தது. ஆனால் ஆங்கில நிறுவலில் வேறொரு கம்போசர்தான் இயல்பு. இதை மாற்றத் தெரியாத டி.டி.பி. கலைஞர் ஒருங்குறி சிதறுகிறது என்று பழைய எழுத்துருவுக்கே திரும்புகிறார். லிப்ரே ஆபீஸிலும் சிக்கல் வரிவடிவ மொழிகளுக்கான அமைப்புகளைத் தேடித் திறக்க வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்து ஒன்று உள்ளே வந்த கணத்தில் அதற்குரிய வசதி தானே விழிப்பதுதான் முறை. விஸ்டாவும் நோட் ஜேஎஸும் காட்டிய வழி இதுதான். இரண்டிலும் நடந்தது புதிய கண்டுபிடிப்பல்ல. இயல்பு நிலை எது என்ற முடிவு மட்டுமே மாறியது.

ஆனால் முடிவை மாற்றத் தூண்டுகோல் வேண்டும். தனிப் பயனரின் முறையீட்டை விட மொத்தமாக வாங்குபவரின் நிபந்தனைக்கு வலு அதிகம். தமிழக அரசின் கொள்முதலும் பல்கலைக்கழகங்களின் கொள்முதலும் ஒப்பந்தப் புள்ளியில் 'தமிழ் ஆதரவு உண்டு' என்ற பொதுச் சொற்றொடரோடு நின்றுவிடக் கூடாது. ஏற்புச் சோதனை ஒன்றை வரையறுக்க வேண்டும்: இணையமில்லாத, ஆங்கில இடைமுகம் கொண்ட கணினியில் நிறுவியதும் கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ ஆகியவை சிதறாமல் தெரிகின்றனவா, மயில் முதல் மனை வரை ஐந்து சொற்களும் அகராதி வரிசையில் நிற்கின்றனவா, தமிழ்99 விசைப்பலகை வேலை செய்கிறதா, அச்சிட்ட தமிழ்ப் பக்கம் எழுத்தாகிறதா, திரைபடிப்பான் அதைப் படிக்கிறதா. அரை மணி நேரத்தில் முடியும் இச்சோதனையில் தேறாத மென்பொருளுக்குப் பணம் தருவதில்லை என்று நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சொன்னால் போதும், நிறுவிகள் திருந்தும்.

திறமூல மென்பொருள்களில் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. அங்கே குறையை அறிவிக்கவும், பொதி கட்டும் கோப்பில் விடுபட்ட வரியைச் சேர்த்து அனுப்பவும் யாருக்கும் தடையில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு இறுதியாண்டுத் திட்டப்பணி உண்டு. பலரும் செய்த அதே நூலக மேலாண்மை மென்பொருளை மீண்டும் ஒருமுறை எழுதுவதைக் காட்டிலும், பயன்பாட்டில் உள்ள ஒரு மென்பொருளின் நிறுவியைச் சோதித்து, தமிழ் எங்கே விடுபடுகிறது என்று கண்டு, திருத்தத்தை மூலத் திட்டத்தில் ஏற்கச் செய்வது நாட்டுக்கும் அவர்களுக்கும் பயன் தரும். கணினித் துறையும் தமிழ்த் துறையும் கூடி அப்படி ஒரு திட்டப்பணியை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.